முதலாவது குளிர்காலம்: கணவனும் மனைவியும் அறிய வேண்டியவை

ஒக்ரோபர் மாதத்தின் கடைசி ஞாயிறன்று மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்பி வைக்கிறோம். அதன்பின் இரண்டு மூன்று கிழமைகளுக்குள், நோர்வேயில் வாழும் எம்மவர்கள் வைத்தியரைத் தேடி வரும் காரணங்கள் மாறத் தொடங்கிவிடும். உடம்பு உளைவு, அலுப்பு, நித்திரை வராமை அல்லது நித்திரையால் எழும்ப முடியாமை, முடி உதிர்தல், தோற்கடி. இவற்றோடு சேர்ந்து, ஆனால் வாயால் சொல்லப்படாமல் வரும் இன்னொன்று வீட்டுக்குள் நடக்கும் சண்டை. எல்லாவற்றுக்கும் சொல்லப்படும் காரணம் ஒன்றுதான்: "குளிர் ஒத்துக்கொள்ளேல்லை, டொக்டர்."

இம்முறை எமது மருத்துவப் பக்கத்தில், முதலாவது குளிர்காலத்தைச் சேர்ந்து சந்திக்கும் தம்பதியினரைப் பற்றி எழுதுகிறேன். இருபது, முப்பது குளிர்காலங்களைக் கண்டு முடித்தவர்களும் தயவுசெய்து வாசியுங்கள். புதிதாக வந்தவர்களுக்குப் பிழையான ஆலோசனை சொல்பவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான்.

ஒரு வீடு

உதாரணத்துக்கு ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். வைத்தியருக்கு இரகசியம் காக்கும் கடமை உண்டு. ஆகவே பல வீடுகளில் நடப்பவற்றைச் சேர்த்து ஒரு வீடாக ஆக்கியிருக்கிறேன். "இது எங்களைப் பற்றித்தான் எழுதியிருக்கு" என்று யாராவது நினைத்தால், அது அத்தனை வீடுகளில் நடப்பதுதான் காரணம்.

கணவர் 2009ஆம் ஆண்டு அகதியாக வந்தவர். முதலில் வட நோர்வேயில் ஒரு முகாமில் இருந்து, பிறகு ஒஸ்லோவுக்கு வந்து சேர்ந்தார். அதிகாலை ஐந்து மணிக்குத் துப்புரவு வேலை, பின்னேரம் ஓர் உணவகத்தின் குசினியில் இன்னொரு வேலை. மனைவி வடமராட்சியிலிருந்து செப்ரெம்பர் மாதத்தில் வந்து சேர்ந்தார். வந்தபோது மரங்கள் மஞ்சளும் சிவப்புமாக இருந்தன. படம் எடுத்து ஊருக்கு அனுப்பினார். நவம்பரில் இலைகள் எல்லாம் கொட்டி முடிந்தன. நொஸ்க் வகுப்பு இன்னும் தொடங்கவில்லை. இரண்டு அறை வீட்டில் நாள் முழுவதும் தனிமை.

அவருடைய ஒரு நாளைப் பார்ப்போம். குளிர்காலத்தில் எமக்கும் ஊருக்கும் நாலரை மணித்தியால வித்தியாசம். அம்மா காலை ஆறு மணிக்கு எழும்பித் தேத்தண்ணி வைக்கும் நேரத்தில்தான் ஆறுதலாகக் கதைக்கலாம் என்பதால், இவர் இங்கே இரவு ஒன்றரை மணிவரை விழித்திருக்கிறார். கதைத்து முடித்துப் படுத்தால் நித்திரை வர மூன்று மணி. எழும்பும்போது பகல் பதினொரு மணி. குளிர் வரும், அயலவர் பார்ப்பார்கள் என்று யன்னல் சீலைகள் மூடியே இருக்கின்றன. குளித்துச் சமைத்து முடிக்க மூன்று மணி; அப்போது வெளியே இருட்டு. கணவர் வேலை முடிந்து வந்து, சாப்பிட்டு, ஒரு மணித்தியாலம் படுத்தெழும்பி, அடுத்த வேலைக்குப் போகிறார். இப்படியே பதினைந்து, இருபது நாட்களுக்கு அந்தப் பெண் பகல் வெளிச்சத்தைக் கண்ணாற் காணவில்லை.

மார்கழியில் இருவரும் வைத்தியரிடம் வருகிறார்கள். பேசுபவர் கணவர்.

"இவவுக்கு எந்த நேரமும் உடம்பு உளைவு, டொக்டர். படியேறினால் கால் பிடிக்குதாம். ஒண்டுக்கும் மனமில்லாமல் இருக்கிறா. சும்மா இருக்க இருக்க அழுகிறா."

பிறகு மனைவி பக்கம் திரும்பி, "நான் வந்த காலத்திலை இதைவிடக் குளிர். நாங்கள் சமாளிச்சனாங்கள்தானே?" என்கிறார்.

மனைவி மெதுவாகச் சொல்கிறார்: "நீங்கள் அங்கை தனிய இருக்கேல்லை."

இந்த ஒரு வசனத்துக்குள் நோயின் அரைவாசி இருக்கிறது. கணவர் சொன்னது பொய்யல்ல. வட நோர்வேயில் அவர் கண்ட குளிரும் இருட்டும் ஒஸ்லோவில் இல்லை. ட்ரொம்சோவில் நவம்பர் கடைசியிலிருந்து தை மாத நடுப்பகுதிவரை சூரியன் அடிவானத்துக்கு மேலே வருவதேயில்லை. ஆனால் அவர் ஓர் அறையில் நாலு பேரோடு இருந்தார். சீட்டு விளையாடினார்கள், முறை வைத்துச் சமைத்தார்கள், சண்டை பிடித்தார்கள், ஒன்றாக மீன் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனார்கள். குளிர் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது. இந்தப் பெண்ணுக்குக் கிடைத்திருப்பது நல்ல சூடான வீடும், பேசுவதற்கு ஆளில்லாத பகலும்.

வெளிச்சம் செய்யும் வேலைகள் இரண்டு

எம்மவர்களிடையே உள்ள பெரிய குழப்பம் இதுதான். வெளிச்சம் எமது உடலில் இரண்டு வேலைகளைச் செய்கிறது. ஒன்று கண் வழியாக, மற்றது தோல் வழியாக. ஒன்றின் குறையை மற்றதால் நிரப்ப முடியாது. விற்றமின் குளிசை போடுபவர் "எனக்கு வெளியே போகத் தேவையில்லை" என்கிறார். தினமும் நடப்பவர் "எனக்குக் குளிசை தேவையில்லை" என்கிறார். இரண்டும் பிழை.

முதலில் கண். எமது மூளைக்குள் ஒரு மணிக்கூடு இருக்கிறது. நித்திரை, பசி, உடற்சூடு, உற்சாகம் எல்லாம் அதன் சொற்படி நடக்கின்றன. அந்த மணிக்கூடு தானாகச் சரியாக ஓடாது. ஒவ்வொரு நாளும் காலை வெளிச்சம் கண்ணில் பட்டு அதைத் திருத்த வேண்டும். யாழ்ப்பாணத்தில் இதைப்பற்றி நாம் யோசித்ததேயில்லை. அங்கே வருடம் முழுவதும் ஏறத்தாழ ஆறு மணிக்கு விடிகிறது. முற்றம் கூட்டினாலும் கிணற்றடிக்குப் போனாலும் வெளிச்சம் கண்ணில் பட்டுவிடும். ஒஸ்லோவில் மார்கழி மாத நடுப்பகுதி கடந்தபின் சூரியன் உதிப்பது காலை 9.20 அளவில், மறைவது பிற்பகல் 3.10 அளவில். பகல் ஆறு மணித்தியாலங்கூட இல்லை. அந்த ஆறு மணித்தியாலத்தையும் சீலை மூடிய அறையில் கழித்தால், மூளை இரவு இன்னும் முடியவில்லை என்றே எண்ணிக்கொள்ளும். நித்திரையைக் கொண்டுவரும் மெலற்றோனின் என்ற ஓமோன் நேரங்கெட்ட நேரத்தில் சுரக்கும். அதனால் பகலில் தூக்கம், இரவில் விழிப்பு, இனிப்பிலும் மாச்சாப்பாட்டிலும் ஆசை, நிறை கூடுதல், எதிலும் விருப்பமின்மை, கோபம், அழுகை. இது சில நாட்கள் வந்து போகும் சோர்வாகவும் இருக்கலாம். ஒவ்வொரு குளிர்காலமும் திரும்பி வரும் மனச்சோர்வு நோயாகவும் இருக்கலாம். நோர்வேஜியர்களுக்கும் இது வருகிறது. இதற்கும் மனவலிமைக்கும் சம்பந்தமில்லை.

வீட்டில் எல்லா விளக்கையும் போட்டால் போதாதா என்று கேட்பார்கள். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகால் அளப்பார்கள். சாதாரண வீட்டறையின் விளக்கு வெளிச்சம் நூறு முதல் சில நூறு லக்ஸ்தான். முகில் மூடிய குளிர்கால மதியத்தில் வெளியே நின்றாற்கூட அதைப்போலப் பல மடங்கு கிடைக்கும். நிலத்தில் பனி இருந்தால் இன்னும் கூடும், ஏனென்றால் புதுப் பனி தன்மேல் விழும் வெளிச்சத்தின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்புகிறது. பனி கொட்டும்போது எம்மவர் முகத்தைச் சுளிக்கிறார்கள். எனக்கோ நவம்பர் மாதத்து மழையும் கறுத்தத் தார்வீதியும்தான் பயம். பனி விழுந்தவுடன் பலருடைய மனநிலை சற்றே தேறுவதைக் கண்டிருக்கிறேன்.

அடுத்தது தோல். வெயில் தோலிற் படும்போது உடல் விற்றமின் டியைத் தயாரிக்கிறது. இதற்குச் சூரியன் உயரத்தில் நிற்க வேண்டும். சுலபமான கணக்கொன்று சொல்கிறேன்: உங்கள் நிழல் உங்களைவிட நீளமாக இருந்தால், அந்த வெயிலில் விற்றமின் டி மிகக் குறைவாகவே உருவாகும். யாழ்ப்பாணத்தில் மதியவேளையில், மார்கழி மாதத்திற்கூட, நிழல் எங்களைவிடக் கட்டை. ஒஸ்லோவில் மார்கழி மதியத்தில் நிழல் எங்கள் உயரத்தைப்போல எட்டு மடங்குக்கு மேல் நீளம். ஆகவே குளிர்காலத்தில் எவ்வளவு நேரம் வெளியே நின்றாலும் விற்றமின் டி கிடைக்காது. யன்னல் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து வெயில் காய்வதிலும் பயனில்லை. அதற்குத் தேவையான கதிர்களைக் கண்ணாடி தடுத்துவிடும். கோடையிலுங்கூட, எமது கறுத்தத் தோலுக்கு வெள்ளைத் தோலைவிடப் பல மடங்கு நேரம் தேவை. நாமோ கறுத்துப் போய்விடுவோம் என்று மர நிழலைத் தேடி நடப்பவர்கள்.

இது வெறும் ஊகமல்ல. 2008ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு, ஒஸ்லோவில் வாழும் இலங்கையரையும் கண்டியில் வாழ்பவர்களையும் ஒப்பிட்டது. கண்டியில் இருந்தவர்களின் இரத்தத்தில் விற்றமின் டியின் சராசரி அளவு ஏறத்தாழ 54 நனோமோல். ஒஸ்லோவில் இருந்தவர்களில் ஏறத்தாழ 32 மட்டுமே. 50க்கு மேல் இருப்பது நல்லது என்பது இங்குள்ள பொதுவான அளவுகோல்.

விற்றமின் டி மிகவும் குறைந்தால் எலும்பு நோகும், தொடைத் தசைகள் பலமிழக்கும். நிலத்தில் இருந்து எழும்பும்போது கையை ஊன்ற வேண்டிவரும். படியேறக் கால் பிடிக்கும். மேலே சொன்ன பெண்ணின் கால் நோவு இதனாலும் வந்திருக்கலாம். ஆனால் அவருடைய அழுகைக்கும் இதுதான் காரணம் என்று எழுதிவிடக் கூடாது. விற்றமின் டிக் குளிசை எலும்புக்கும் தசைக்கும் தேவையானது. மனச்சோர்வுக்கு அதை மருந்தாக நம்பியிருக்க முடியாது.

எவ்வளவு எடுப்பது?

நோர்வேயில் சுகதேகிக்குச் சொல்லப்படும் அளவு நாளொன்றுக்கு 10 மைக்ரோகிராம். 75 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 20. நோர்வேஜியர்கள் "திரான்" என்று குடிக்கும் கொட் மீனின் ஈரல் எண்ணெய் ஒரு தேக்கரண்டியில், அதாவது 5 மில்லிலீற்றரில், இந்த 10 மைக்ரோகிராம் இருக்கிறது. மணம் பிடிக்காதவர்களுக்குக் குளிசையாகவும் உண்டு. கந்தசஷ்டி விரதம் சரியாக இருட்டுத் தொடங்கும் காலத்தில்தான் வருகிறது. விரதகாலத்தில் மீனெண்ணெயை நிறுத்துபவர்களும் சைவ உணவுக்காரரும், மீன் கலவாத விற்றமின் டிக் குளிசையோ துளிமருந்தோ மருந்துக்கடையில் கேட்டு வாங்கலாம்.

உணவில் என்றால் கொழுப்புள்ள மீன்கள்: சாமன், ஹெரிங், மக்ரெல். மக்ரெல் எங்கள் கும்பளாவின் சொந்தக்காரன். புளி விட்டுக் குழம்பு வைத்தால் வித்தியாசம் தெரியாது. கொட் மீனின் சதையில் கொழுப்புக் குறைவு, அதன் சத்து ஈரலில்தான் இருக்கிறது.

கூடினால் நல்லது என்று எண்ணித் திரானும் குடித்து, பலவிற்றமின் குளிசையும் போட்டு, ஊரிலிருந்து வந்த சத்துமாத்திரையையும் விழுங்க வேண்டாம். திரானில் விற்றமின் ஏயும் உண்டு. அது அளவுக்கு மிஞ்சினால், முக்கியமாகக் கர்ப்பிணிகளுக்கு, தீமை செய்யும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் மருத்துவத்தாதியிடம் அளவைக் கேட்டு எடுங்கள். தாய்ப்பாலில் விற்றமின் டி போதாது என்பதால், கைக்குழந்தைக்குப் பிறந்த முதற் கிழமைகளிலிருந்தே துளிமருந்து கொடுக்கச் சொல்வார்கள். மறக்க வேண்டாம். இரத்தப் பரிசோதனையில் கடும் குறைபாடு தெரிந்தால் வைத்தியர் இதைவிடக் கூடிய அளவைச் சில மாதங்களுக்கு எழுதித் தருவார்.

எல்லாவற்றையும் குளிரின் தலையில் போட வேண்டாம்

அலுப்பு, உளைவு, முடி உதிர்தல் என்று ஒரு தமிழ்ப் பெண் வந்தால் நான் முதலிற் பார்ப்பது இரும்புச்சத்து. மாதவிலக்கில் இரத்தம் கூடப் போகும் பெண்களுக்கு இது குறைவது மிகவும் சாதாரணம். அடுத்தது தைரொயிட் சுரப்பி. அது மந்தமானால் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் குளிரும், நிறை கூடும், மனம் சோரும். சைவ உணவுக்காரருக்கு விற்றமின் பி12. முப்பது வயதைத் தாண்டியவர்களுக்குச் சீனி வருத்தத்துக்கான பரிசோதனை, ஏனென்றால் எம்மினத்தவர்களுக்கு அது நோர்வேஜியர்களைவிட இளவயதிலேயே, உடல் மெலிவாக இருந்தாற்கூட வருகிறது. கர்ப்பமாக இருக்கலாமா என்பதையும் கேட்க வேண்டும். இவையெல்லாம் ஒரே முறை எடுக்கும் இரத்தத்திலும் சலத்திலும் தெரிந்துவிடும்.

தடிமனைப் பற்றியும் ஒரு சொல். தலை முழுகிவிட்டு வெளியே போனதால் தடிமன் வரவில்லை. வைரசுக் கிருமியால் வருகிறது. குளிர்காலத்தில் எல்லோரும் பூட்டிய அறைகளுக்குள் நெருங்கி இருப்பதால் அது இலகுவாகப் பரவுகிறது. சீனி வருத்தம், ஆஸ்மா, இருதய நோய் உள்ளவர்கள் ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்.

மதியம் பன்னிரண்டு மணி

இனி என்ன செய்யலாம்? மருந்து எழுதும் முன் நான் கொடுக்கும் முதலாவது ஆலோசனை அம்மாவோடு கதைக்கும் நேரத்தை மாற்றுவது. ஒஸ்லோவில் மதியம் பன்னிரண்டு மணி என்றால் ஊரில் பின்னேரம் நாலரை மணி. வெயில் தாழ்ந்து, தேத்தண்ணி குடித்து, அம்மாமார் விறாந்தையில் இருக்கும் நேரம். அந்த நேரத்தில் சப்பாத்தையும் ஜக்கெற்றையும் போட்டுக்கொண்டு, காதில் ரெலிபோனை மாட்டிக்கொண்டு, நடந்தபடி கதையுங்கள். அரை மணித்தியாலம் போதும். பனியைக் காட்டுங்கள், அம்மாவுக்கும் சந்தோசம். இப்படிச் செய்தால் இரவு ஒன்றரை மணிவரை விழித்திருக்கும் தேவை போய்விடும், பகல் வெளிச்சமும் கண்ணிற் படும், கால்களும் அசையும். முதல் நாலைந்து நாட்களுக்கு நித்திரை பழைய நேரத்துக்கே வரும். அலாரம் வைத்துக் காலை எட்டு மணிக்கு எழும்பிவிட வேண்டும், இரவு எப்போது படுத்தாலும் சரி. இரண்டு கிழமையில் மணிக்கூடு திரும்பும்.

வெளியே போக முடியாதவர்களுக்கும், இது போதாதவர்களுக்கும் வெளிச்சச் சிகிச்சைக்கான விளக்குகள் உண்டு. 10,000 லக்ஸ் என்று குறிக்கப்பட்ட, புறஊதாக் கதிர் வடிகட்டப்பட்ட விளக்காகப் பார்த்து வாங்குங்கள். காலையில் எழும்பியதும் அரை மணித்தியாலம், அறிவுறுத்தலில் சொன்ன தூரத்தில், விளக்கை உற்றுப் பார்க்காமல் அதன் முன்னால் இருந்து தேத்தண்ணி குடிக்கலாம், தேவாரம் படிக்கலாம், நொஸ்க் பாடமும் படிக்கலாம். பின்னேரத்தில் பாவித்தால் நித்திரை குழம்பும். சீனி வருத்தத்தால் கண் விழித்திரை பாதிக்கப்பட்டவர்களும், மனம் அளவுக்கு மிஞ்சிப் பொங்கியும் தாழ்ந்தும் போகும் இருமுனை நோய் உள்ளவர்களும் வைத்தியரைக் கேளாமல் பாவிக்கக் கூடாது.

கணவருக்கும் ஒரு வேலை இருக்கிறது. கிழமையில் ஒரு நாளாவது, பகல் வெளிச்சத்தில், இருவரும் சேர்ந்து வெளியே போக வேண்டும். கடைக்குப் போவதும், இன்னொரு தமிழர் வீட்டுக்குக் காரில் போவதும் இதில் சேர்த்தியில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நோர்வேஜியர்கள் "தூர்" போவதைப் பாருங்கள்: குழந்தையைச் சறுக்குப் பலகையில் இருத்தி இழுத்துக்கொண்டு, சுடுதண்ணிப் போத்தலோடு காட்டுக்குள் போகிறார்கள். ஒஸ்லோவில் ஐந்தாம் இலக்க நிலக்கீழ் ரயில் போய் நிற்கும் கடைசித் தரிப்பு சொங்ஸ்வான். அங்குள்ள ஏரியைச் சுற்றி ஏறத்தாழ 3.3 கிலோமீற்றர் நடைபாதை, பெரும்பாலும் மட்டமான நிலம். இஞ்சித் தேத்தண்ணியும் ரொட்டியும் கொண்டு போங்கள். பேசாமல் நடந்தாலும் குற்றமில்லை; வீட்டுக்குள் பேசாமல் இருப்பதைவிட அது நல்லது.

"இரண்டு வேலை செய்கிறேன், எங்கே நேரம்?" என்பார் கணவர். கடன் இருக்கிறது, ஊருக்கும் அனுப்ப வேண்டும், தெரியும். ஆனால் அதிகாலையில் இருட்டில் போய், நிலத்தடியில் வேலை செய்து, இருட்டில் திரும்பும் அவருக்கும் இதே நோய் வரலாம். ஆண்களில் அது அழுகையாக வருவது குறைவு. எரிச்சலாக, பேச்சுக் குறைவாக, வெள்ளிக்கிழமைப் போத்தல் புதன்கிழமைக்கு நகர்வதாக வரும். "எனக்கு ஒண்டுமில்லை, இவவைப் பாருங்கோ" என்று சொல்லும் கணவர்மாரின் இரத்த அழுத்தத்தை நான் கட்டாயம் அளந்து பார்ப்பேன்.

நொஸ்க் வகுப்பையும் ஒரு சிகிச்சையாகவே எண்ணுங்கள். காலையில் எழும்ப ஒரு காரணம், பஸ் பிடிக்க ஒரு நடை, பேச நாலு முகம். வகுப்புத் தொடங்கும்வரை பொது நூலகம் இருக்கிறது. சிறு குழந்தை இருந்தால் தாய்மார் பிள்ளையோடு போய் இருக்கக்கூடிய திறந்த பாலர் பாடசாலைகள் இருக்கின்றன. "மொழி தெரியாமல் அங்கே போய் என்ன செய்வது" என்பார்கள். குழந்தை கத்தும்போது எல்லாத் தாய்மாரும் ஒரே மொழிதான் பேசுகிறார்கள்.

உடுப்பும் வழுக்கலும்

உடலை ஒட்டி உடுப்பது பருத்தியாக இருக்கக் கூடாது. வியர்வையைக் குடித்து ஈரமாக நின்று குளிரைக் கூட்டும். மெல்லிய கம்பளி உள்ளுடுப்பு மேலுக்கும் காலுக்கும், அதற்குமேல் ஒரு தடித்த உடுப்பு, எல்லாவற்றுக்கும் வெளியே காற்றைத் தடுக்கும் ஜக்கெற். கோயிலுக்குச் சேலையோடு போகிறவர்கள் உள்ளே கம்பளிக் காற்சட்டை போட்டால் சுவாமி கோபிக்கமாட்டார். சப்பாத்தைக் கம்பளிக் காலுறையோடு போட்டுப் பார்த்து ஓர் இலக்கம் பெரிதாக வாங்குங்கள். இறுகிய சப்பாத்தில் விரல் விறைக்கும். விறைத்த விரலைத் தேய்க்கவோ அடுப்பில் காட்டவோ வேண்டாம். கக்கத்துக்குள் வைத்துச் சூடாக்குங்கள்.

பனி உருகி மீண்டும் உறையும் நாட்கள்தான் ஆபத்தானவை. விழுபவர் கையை ஊன்றுவார், மணிக்கட்டு முறியும். இடுப்பெலும்பு முறிவு உலகிலேயே அதிகம் நிகழும் நாடுகளில் ஒன்று நோர்வே. சப்பாத்தின் அடியில் மாட்டும் "புரொடர்" முள்ளு விலை அதிகமில்லை. ஊரிலிருந்து பார்க்க வரும் அம்மா அப்பாவுக்கும் வாங்கி வையுங்கள். கறுத்த ஜக்கெற், கறுத்த வீதி, மூன்று மணிக்கே இருட்டு: ஒளிதெறிக்கும் பட்டி இல்லாமல் வெளியே இறங்க வேண்டாம்.

வீட்டுக்குள்

சுவரில் உள்ள காற்றுத் துவாரங்களைத் துணியால் அடைக்கும் பழக்கம் எம்மவர்களிடம் உண்டு. சோறு வடிக்கும் ஆவி, உலர்த்தும் உடுப்பின் ஈரம் எல்லாம் வெளியே போக வழியில்லாமல் யன்னலில் வழியும்; மூலைகளில் பூஞ்சணம் பிடிக்கும்; பிள்ளைகளுக்கு இழுப்பு வரும். துவாரங்களைத் திறந்து வையுங்கள். நாளுக்கு இரண்டு தடவை ஐந்து நிமிடம் யன்னலை அகலத் திறந்து மூடினால் காற்று மாறும், சுவரின் சூடு போகாது. தாளிக்கும்போது கத்துகிறது என்று புகை எச்சரிக்கைக் கருவியின் மின்கலத்தைக் கழற்றி வைத்திருக்கும் வீடுகளைக் கண்டிருக்கிறேன். இன்றைக்கே திரும்பப் போடுங்கள். குசினிக்குச் சற்றுத் தள்ளி மாட்டினால் தாளிதத்துக்குக் கத்தாது. தோற்கடிக்குக் குளியலைக் குறுக்கி, சூட்டைக் குறைத்து, ஈரம் காயமுன் வாசனையில்லாத களிம்பு பூசினால் போதும்.

எப்போது தாமதிக்கக் கூடாது

இரண்டு கிழமைக்கு மேலாக, நாளின் பெரும்பகுதி மனம் சோர்ந்தோ எதிலும் விருப்பமின்றியோ இருந்தால் குடும்ப வைத்தியரிடம் போக வேண்டும். பேச்சுச் சிகிச்சை உண்டு, தேவையானால் மருந்தும் உண்டு. இரண்டும் பலன் தருபவை. "இருந்து என்ன பயன்" என்ற எண்ணம் வந்தால் நாள் பார்த்துக் காத்திருக்கக் கூடாது. உயிருக்கு ஆபத்தென்றால் 113. அன்றே வைத்தியர் தேவையென்றால் 116 117. எந்த நேரத்திலும் யாருடனாவது பேச 116 123.

போர்க்காலத்தைக் கடந்து வந்தவர்களுக்கு இருட்டும் தனிமையும் பழைய நினைவுகளைக் கிளறும். கனவில் திடுக்கிட்டு எழும்புவதை, சத்தத்துக்குப் பயப்படுவதை வைத்தியரிடம் சொல்லுங்கள். அதற்கு வேறு சிகிச்சை இருக்கிறது.

குளிர்மேல் பழிபோட முடியாத நிலைமையும் உண்டு. கணவர் வெளியே விடுவதில்லை, ரெலிபோனைப் பறிக்கிறார், கை நீட்டுகிறார் என்றால் அது வேறு விடயம். "விட்டுவிட்டுப் போனால் விசா போய்விடும்" என்ற பயத்தில் பலர் வாய் திறப்பதில்லை. கணவனாலோ மனைவியாலோ துன்புறுத்தப்படுபவர் தன் பெயரிலேயே வதிவிட அனுமதி கேட்க நோர்வேயின் குடிவரவுச் சட்டத்தில் இடமுண்டு. வைத்தியரிடம் சொல்லலாம், அடைக்கலம் தரும் நெருக்கடி நிலையங்களும் உண்டு.

வைத்தியரிடம் நேரம் எடுக்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லுங்கள். அவரை ஒழுங்கு செய்வது வைத்தியசாலையின் பொறுப்பு. 2022 தையில் நடைமுறைக்கு வந்த சட்டம் அதை வலியுறுத்துகிறது. அவசரம் போன்ற விதிவிலக்குகள் தவிர, பிள்ளைகளை மொழிபெயர்க்க வைப்பதையும் அது தடை செய்கிறது. மொழிபெயர்ப்பாளர் எங்கள் ஆள், வெளியே கதைத்துவிடுவார் என்று பயப்படுகிறீர்களா? அவருக்கும் இரகசியம் காக்கும் கடமை சட்டப்படி உண்டு. தெரிந்தவர் வேண்டாமென்றால் வேறு நகரத்திலிருந்து ரெலிபோனில் ஒருவரைக் கேளுங்கள். மொழிபெயர்ப்போடு பேச நேரம் எடுக்கும். ஆகவே நொஸ்க்கில் "டொபெல்ட்தீமே" எனப்படும் இரட்டை நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். கணவர்மாரே, நீங்கள் கூடவே வாருங்கள். முதல் பத்து நிமிடம் மட்டும் வெளியே கதிரையில் இருங்கள்.